பூட்டை எடுத்த கை

வேலை முடிந்ததும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் சாவிக்காரர் கிளம்புவார். எல்லோரும் என்றால் மனிதர்கள் அல்லர்; அவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே பை தூக்கியிருப்பார்கள். பெருங்கணினியை இயக்கும் கன்சோலின் திரையில் எழுந்துபோக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெயர்களைத்தான் அவர் அனுப்பிவைப்பார். பெருங்கணினி இருக்கும் கூடத்துக்குள் கால் வைக்காமலேயே, வீட்டிலிருந்தோ வேற்றூரிலிருந்தோ அந்தக் கன்சோலுக்குள் நுழைந்து, அவ்வளவு பெரிய இயந்திரத்தை நிறுத்தவும் எழுப்பவும் உரிமை பெற்றவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் யார் எதைத் தொடலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று வரையறுப்பது அவர் பொறுப்பு. அதனால் வந்த பட்டப்பெயர்தான் சாவிக்காரர்; நாளடைவில் கன்சோலிலும் அதுவே அவருடைய பெயராகிவிட்டது.

வெளியேற மறந்தவர்களை ஒவ்வொருவராகத் தொட்டு, "கெளம்புப்பா, வீட்ல தேடுவாங்க" என்று முணுமுணுத்தபடியே துண்டிப்பார். திரை வெறுமையானதும் கண்ணாடிக் கதவைத் திறந்து கூடத்துக்குள் போய், இயந்திரத்தின் கறுப்புக் கதவில் உள்ளங்கையை வைப்பார். கறவை மாட்டின் விலாவைத் தட்டிக்கொடுப்பது போல. உள்ளே ஓடும் விசிறிகளின் அதிர்வு மணிக்கட்டு வரை ஏறி வரும். எல்லாம் நலம் என்பதற்கு அவருக்கு அந்த அதிர்வு போதும்.

அன்று கடைசிப் பெயரையும் அனுப்பிவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியபோது, திரையில் ஒரு பெயர் மிச்சமிருந்தது.

கிராம்பு.

அந்த இயந்திரத்தைப் பழுதுபார்த்துவந்த இன்ஜினியருக்கு ஆபீஸ் சூட்டிய பெயர் அது. மின்சாரத்துக்கு அஞ்சாத மனிதன், பல் டாக்டருக்கு அஞ்சினான். சொத்தைப் பல்லைப் பிடுங்கப் பயந்து, கடைவாயில் எந்நேரமும் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு திரிந்தான். கன்சோலில் என்ன பெயர் வைக்க என்று சாவிக்காரர் கேட்டபோதும், "அதையே போட்டுருங்கண்ணே, காரமா இருக்கட்டும்" என்று சிரித்தவன்.

போன வருடம் அதே இயந்திரத்துக்குள் கைவிட்டபடி எரிந்து செத்தான். அடக்கம் முடிந்த மறுநாளே அவன் பெயரைச் சாவிக்காரர் தம் கையால் அழித்திருந்தார்.

அவர் அந்தப் பெயரைத் தொட்டுத் துண்டித்தார். போயிற்று. மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தது. எங்கிருந்து நுழைந்திருக்கிறான் என்று காட்டும் இடத்தில் வெளியூர் முகவரி எதுவும் இல்லை. பழுதுபார்க்க வருபவர்களுக்காக இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே, கதவுக்குப் பின்னால் மடித்துவைக்கப்பட்டிருக்கும் சிறு கன்சோல் ஒன்று உண்டு. அதன் முகவரிதான் அங்கே இருந்தது.

யாராவது உள்ளே இருந்து விளையாடுகிறார்களா? கூடத்துக்குள் போனார். சன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் பகல் என்றும் இரவு என்றும் எதுவும் கிடையாது. குளிரூட்டிகள் ஊதும் காற்றும், தரைப் பலகைகளுக்கு அடியில் ஓடும் இரைச்சலும், புதுப் பிளாஸ்டிக்கின் மணமும்தான் அங்கே எப்போதும். இன்று அந்த மணத்துக்குள் இன்னொன்று, துணிக்குள் செருகிய ஊசி போல மறைந்திருந்தது. இனிப்பும் காரமும் கலந்த, ஈறுகளை மரக்கவைக்கும் மணம். கறுப்புக் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. மடிந்திருந்த திரையை இழுத்து விரித்து, விசைப் பலகையில் விரல் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கை எடுத்தது போல. விசைகளின் மேல் கரி படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தார். வந்தது கரி அல்ல. பாலின் மேல் படரும் ஏடு போல மெல்லியதாகச் சுருண்டு, துணியோடு ஒட்டிக்கொண்டது.

தோல்.

வாசலில் காவலாளி ஸ்டூலை விட்டு எழுந்து சலாம் வைத்தான்.

"என்ன சார், உள்ள தனியா கிராம்பு போட்டு டீ குடிக்கிறீங்களா? வாசல் வரைக்கும் மணக்குது. எங்களுக்கெல்லாம் ஒரு கிளாஸ் கெடையாதா?"

அவர் வெளியே வந்து, கைக்குட்டையைச் சாக்கடையில் எறிந்துவிட்டு நடந்தார். வீடு வரை விரல்களை விட்டு அந்த விசைகளின் சூடு போகவில்லை.

பிளந்த மரத்தின் இடுக்கில் தச்சன் செருகிவைத்த ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையைச் சிறு வயதில் கேளாதவர் இல்லை. அந்தக் கதையில் ஆப்பைப் பிடுங்கியதும் குரங்கு, நசுங்கியதும் குரங்கு. அதனால்தான் அது குழந்தைகளுக்குச் சொல்லத் தகுந்த கதையாக இருக்கிறது. சாவிக்காரரின் கதையில் பிடுங்கிய கை ஒன்று, நசுங்கிய கை வேறொன்று.

அந்த இயந்திரத்துக்கு இரண்டு மின்வழிகள். ஒன்றை நிறுத்திவிட்டு, மற்றதன் பலத்தில் அதை ஓடவிட்டபடியே பழுதுபார்க்கலாம். அப்படிச் செய்யும்போது கன்சோலில் ஒரு பூட்டைப் போட்டுவிட்டுத்தான் கிராம்பு கதவைத் திறப்பான். பூட்டு இருக்கும்வரை நிறுத்திய வழியில் யாரும், எங்கிருந்தும், மின்சாரத்தை ஏற்ற முடியாது. அன்று சாவிக்காரர் வீட்டில் மகளின் பிறந்தநாள். தலையில் காகிதத் தொப்பியோடு நின்றவருக்கு, ஒரு மின்வழி நின்றுகிடப்பதாகக் கைப்பேசியில் செய்தி வந்தது. வேலையை முடித்துவிட்டுப் பூட்டை எடுக்க மறந்து போய்விட்டான் என்று நினைத்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன, மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

வெளியிலிருந்து நுழையும் உரிமையை ஊருக்கு முன்மாதிரியாகத் தம் பெயரிலிருந்தே நீக்கிவைத்திருந்தவர் அவர். ஆனால், "அவசரத்துக்கு வெச்சுக்குங்கண்ணே, உங்ககிட்ட எனக்கென்ன ஒளிவு" என்று கிராம்பு என்றோ சொல்லித் தந்த பாஸ்வேர்டு அவரிடம் இருந்தது. அவன் பெயரில் நுழைந்தார். பூட்டை எடுத்தார். மின்சாரத்தை ஏற்றினார். மடிக்கணினியை மூடிவிட்டுக் கேக் வெட்டப் போனார்.

அந்த நேரத்தில் கிராம்பு தோள்வரை இயந்திரத்துக்குள் கைவிட்டு, கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தான்.

பூட்டை எடுத்தது யார் என்று விசாரணை வந்தபோது, கன்சோல் கிராம்பின் பெயரையே காட்டியது. அதைச் சரிபார்த்துச் சொல்லும்படி கேட்கப்பட்டவர் சாவிக்காரர். "அவனே எடுத்திருக்கிறான். கவனக்குறைவு" என்றார். எங்கிருந்து எடுத்தான் என்று யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பயிரை மேய்ந்த வேலியிடமே சாட்சி கேட்டால் அது மாட்டைத்தானே காட்டும்?

திரையில் அந்தப் பெயர் திரும்பி வந்த இரவுக்குச் சில நாட்கள் கழித்து வந்த விடுமுறைப் பகலில், வேலைப் பளு குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, அதே மின்வழியில், கிராம்பு கடைசியாகக் கைவைத்த அதே பாகத்தை மாற்ற வேண்டியிருந்தது. மாற்ற வந்தவள் கிராம்பின் தங்கை. அண்ணன் போன பிறகு அதே வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள். ஆபீசில் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான்.

"இன்னிக்கு வேணாம்மா" என்றார் சாவிக்காரர். "இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"ஏன் சார், மெஷினுக்கு மூடு சரியில்லையா?"

"இல்ல... எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"அண்ணன் செத்த எடம்னு பாக்குறீங்களா? பயம் எனக்கில்ல வரணும். உங்களுக்கு ஏன் சார் இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது?" பையிலிருந்து திருப்புளிகளை எடுத்து வரிசையாக அடுக்கினாள். அடுக்கும் விதமும் அண்ணனுடையதே. "எங்கம்மா தெனமும் கேக்குறாங்க. சாப்ட்ட தட்டைக்கூட கழுவி வெச்சுட்டுத்தான் எந்திரிப்பான், பூட்டை மட்டும் எப்படிடி மறந்தான்னு. நான் என்ன பதில் சொல்ல? அதே வேலைய, அதே எடத்துல நின்னு நானும் செஞ்சு பாக்கணும். அப்பதான் எனக்கே புரியும்."

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அது நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் வேலை போகும், மானம் போகும், சிறைகூட வரலாம். சொல்லாவிட்டால் இந்தப் பெண் அந்தக் கதவைத் திறப்பாள். வாக்கியத்தை எச்சிலோடு விழுங்கினார்.

"பூட்டு போட்டாச்சு" என்றாள் அவள், காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டே. "நீங்க கன்சோல விட்டுக் கண்ண எடுக்காதீங்க. சும்மாவா பேரு வெச்சிருக்காங்க, சாவிக்காரர்னு?"

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவள் கறுப்புக் கதவைத் திறப்பதைப் பார்த்தார். உடம்பில் ஊறும் சிறு மின்சாரம் பாகங்களைக் கெடுக்காமல் இருக்க, மணிக்கட்டில் பட்டை ஒன்றைக் கட்டி, அதன் கம்பியை இயந்திரத்தின் சட்டத்தோடு மாட்டினாள். முழங்காலிட்டு, முதலில் முழங்கைவரையும் பிறகு தோள்வரையும் கையை உள்ளே விட்டாள். கன்னம் உலோகத்தில் பதிந்தது.

கன்சோல் அறையில் அவர் தனியாக இருந்தார். சுவர்க் கடிகாரம், குளிரூட்டியின் பெருமூச்சு, எங்கோ ஒரு மேசைக்கு அடியில் தளர்ந்த விசிறியின் கிறீச்சொலி. இவை எல்லாவற்றையும் தாண்டி, கதவின் கீழ்ப்பிளவு வழியாகத் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, அவர் காலைச் சுற்றி, முழங்காலில் ஏறி, மடியில் அமர்வது போல அந்த மணம் வந்து சேர்ந்தது. கிராம்பும், கருகிய இறைச்சியும்.

திரையில் பெயர் தோன்றியது.

துண்டித்தார். தோன்றியது. துண்டித்தார். தோன்றியது. பெயரையே அழித்தார், அழிந்த இடத்திலேயே முளைத்தது. பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பூட்டு விழுந்தது.

மறுபடி போட்டார். விழுந்தது. மறுபடி. மறுபடியும் போட விரல் வைத்தபோது, அந்தப் பொத்தான் அங்கே இல்லை. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் மறைந்தது. துண்டிக்கும் உரிமை, அழிக்கும் உரிமை, நிறுத்தும் உரிமை. வேலையை விட்டுப் போனவர்களின் உரிமைகளை வெங்காயத் தோல் போல அவர் எத்தனை முறை உரித்திருப்பார்! இன்று யாரோ அவரை உரித்துக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல். மேலிருந்து கீழாக. அவர் வழக்கமாக உரிக்கும் அதே வரிசையில். முடிவில் ஒன்றே மிஞ்சியது.

பார்க்க மட்டும்.

மின்சாரத்தை ஏற்றவா என்ற கேள்வி திரையில் எழுந்தது. கேட்கப்பட்டவர் அவர் அல்லர்.

எழுந்தார். கண்ணாடியை அறைந்தார். காதுக் கவசம் மாட்டியவளுக்குக் கேட்கவில்லை. சுவரில், கூடத்தின் மின்சாரம் முழுவதையும் ஒரே அடியில் நிறுத்தும் சிவப்புப் பொத்தான். மேலே கண்ணாடி மூடி. அதைத் திறக்கும் பொறுமை இல்லை, முஷ்டியால் குத்தினார். கண்ணாடி உடைந்து விரல் இடுக்குகளில் ஏறியது. எலும்பு தெரிந்த முஷ்டியால் பொத்தானை இடித்தார்.

விளக்குகள் அணைந்தன. குளிரூட்டிகள் அணைந்தன. கன்சோல் அறையில் எல்லாத் திரைகளும் அணைந்தன, ஒன்றைத் தவிர.

இயந்திரம் நிற்கவில்லை. எங்கும் மின்சாரம் இல்லாத அந்த இருட்டில் அது மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு அலறல்.

ஓடினார். வாசல் மேல் எரிந்த அவசர விளக்கின் பச்சை வெளிச்சத்தில் அவளைக் கண்டார். அவள் முழங்காலிட்டிருக்கவில்லை. இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தாள். தோள் முழுவதும் உள்ளே போய்விட்டது. முகம் சட்டத்தின் விளிம்பில் அழுந்திப் புருவம் பிளந்து, ரத்தம் கண்ணை மூடியிருந்தது. காதுக் கவசம் தெறித்துத் தரையில் கிடந்தது. கால்கள் பலகையை உதைத்தன.

"கையப் புடிச்சிருக்கு! சார்! உள்ள யாரோ கையப் புடிச்சிருக்காங்க!"

அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். வரவில்லை. இன்னும் பலங்கொண்டு இழுத்தார். அவள் தோள் மூட்டு, பச்சை மரக்கிளை முறிவது போல ஓசையிட்டுக் கழன்றது. அவள் அலறல் நின்று, விக்கலாக மாறியது. அவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

பட்டை கட்டிய மணிக்கட்டை ஒரு கை பற்றியிருந்தது. கறுத்து, வெடித்து, வெடிப்புகளுக்குள் சிவந்திருந்த கை. விரல் நுனிகளில் தோல் இல்லை. அது இழுக்க இழுக்க, தகட்டின் கூரிய ஓரத்தில் அவள் சதை சீவப்பட்டுக்கொண்டிருந்தது. கைக்குப் பின்னால் உடம்பு இல்லை. உடம்பு நிற்க அங்கே இடமும் இல்லை.

"விடுடா! அவ உன் தங்கச்சிடா!"

பிடி இறுகியது. கைக்குக் கண் ஏது?

உள்ளே ஏதோ சுழலத் தொடங்கியது. மெல்ல. பிறகு வேகமாக. நிறுத்திவைத்த வழியின் விசிறிகள். மின்சாரம் ஏறுவதற்கு முன் அவைதான் எழும். அவருக்குத் தெரியும். கிராம்பே சொல்லித் தந்திருக்கிறான்.

"நான்தான்" என்றார்.

உறுமல் சற்றுத் தாழ்ந்தது.

"நான்தான் பூட்டை எடுத்தேன். வீட்ல இருந்து. இவன் பாஸ்வேர்டைப் போட்டு எடுத்தேன். ஒரு போன் போட்டுக் கேக்கல. அப்புறம் இவன் மேலயே பழியப் போட்டேன்." அவள் பக்கம் திரும்பினார். "நான்தாம்மா."

அவள் திறந்திருந்த ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள். வாசலில் டார்ச் வெளிச்சம் ஆடியது. ஓடி வந்த காவலாளி அங்கேயே நின்றுவிட்டான். அவனும் கேட்டிருந்தான்.

கறுத்த கை ஒரு விரலை விட்டது. இரண்டாவது விரலை விட்டது. அதற்கு மேல் விடவில்லை. காத்திருந்தது. கடன் கேட்டு வந்தவன் வாசலில் நிற்பது போல, கத்தாமல், போகாமல்.

சாவிக்காரர் சட்டைக் கையை மடித்தார். ரத்தம் சொட்டும் தம் வலக்கையை அவள் கைக்குப் பக்கத்தில், தோள்வரை, உள்ளே விட்டார்.

பிடி மாறியது.

அவள் பின்னால் விழுந்தாள். காவலாளி அக்குளுக்குள் கை கொடுத்து அவளை இழுத்தான்; தரைப் பலகைகளில் ரத்தம் அகலமாகத் தீற்றிக்கொண்டே போனது.

"சார், நீங்களும் வாங்க சார்!" என்று கத்தினான்.

"போம்மா" என்றார் அவர், கன்னத்தை உலோகத்தில் வைத்தபடி. வலியில் பற்கள் கிட்டித்திருந்தன. "அம்மாகிட்ட சொல்லு. அவன் மறக்கலன்னு சொல்லு."

கண்ணாடிக் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. காவலாளி தோளால் இடித்தும் திறக்கவில்லை. உயிரோடிருந்த ஒரே திரையின் முன் அவள் தொங்கும் கையோடு நின்றாள். பூட்டைப் போட ஒற்றைக் கையால் முயன்றாள். அவள் பெயருக்கும் இப்போது பார்க்கும் உரிமை மட்டுமே இருந்தது.

பார்த்தாள்.

திரையில் கிராம்பு என்ற பெயர் இல்லை. சாவிக்காரர் என்ற பெயர் இருந்தது. இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் சிறு கன்சோலிலிருந்து நுழைந்திருந்தது. பூட்டை எடுத்தது யார் என்ற இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மிக மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் கூடத்திலிருந்து ஓர் அலறலோடு. சா. வி. க்.

பிறகு நீல வெளிச்சம்.

கூடம் முழுவதும் வெளுத்தது. அந்த வெளிச்சத்தில் இயந்திரத்தின் கறுப்புக் கதவின் பிளவுக்குள் அவள் இரண்டு கைகளைக் கண்டாள். ஒன்று ஏற்கெனவே எரிந்து தீர்ந்தது. மற்றது இப்போதுதான் எரியத் தொடங்கியது. தோல் சுருண்டு, கொழுப்பு கொப்புளித்து, விரலெலும்புகள் வெண்மையாக வெளிவந்தன. எரிந்து தீர்ந்த கை, எரியும் கையை மேலிருந்து பொத்திப் பிடித்திருந்தது. முதன்முதலாக எழுதப் பழகும் பிள்ளையின் விரல்களைப் பிடித்து எழுதவைப்பது போல, பரிவோடும் பொறுமையோடும் ஒவ்வொரு விசையாக அழுத்தவைத்தது. சட்டத்தில் சாய்ந்திருந்த தலை கரிந்து தொங்கிவிட்டது. அலறலும் ஓய்ந்துவிட்டது. கைகள் மட்டும் ஓயவில்லை. ஒரு வரி முடிந்து அடுத்தது, அது முடிந்து அதற்கடுத்தது, செய்த தவற்றைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லித் தண்டிக்கப்பட்ட மாணவனின் பலகை போலத் திரை நிரம்பிக்கொண்டே போனது:

பூட்டை எடுத்தது சாவிக்காரர்.

பூட்டை எடுத்தது சாவிக்காரர்.

பூட்டை எடுத்தது